வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் செய்யக் கூடாதவை

கடன் விண்ணப்பங்களையும் வருமான வரிக் கணக்குகளையும் நிரப்பித் தரும் தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர்கள், வாங்காத கடனையும் கட்டிவிடச் சொல்லி நான் தொடக்க காலத்தில் தந்த அதே தவறான யோசனையை இன்று வாடிக்கையாளர்களுக்குத் தருவதைப் பார்க்கிறேன். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

சிறிய தொகைதானே என்று கட்டிவிடுவது

வீட்டுக் கடன் கேட்டுப்போன ஓர் ஆசிரியையின் சிபில் அறிக்கையில் (ஒருவரின் கடன்களைப் பதிவு செய்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை), அவர் கேள்விப்பட்டேயிராத ஒரு கடன் செயலியின் சில ஆயிரம் ரூபாய் நிலுவை இருந்தது. யாரோ அவருடைய பான் எண்ணைக் கொண்டு வாங்கிய கடன் அது. "கட்டி முடித்துவிடுங்கள் டீச்சர், வேலை சீக்கிரம் நடக்கும்" என்று உடனிருந்த முகவர் சொல்ல, அவரும் கட்டினார். அதே எண்ணில் மேலும் இரண்டு கடன்கள் தெரியவந்தபோது, எதுவும் தம்முடையதல்ல என்று எழுதிய அவருக்கு, முதல் கடனை அவரே கட்டிய ரசீதைத்தான் எதிர்த்தரப்பு சான்றாகக் காட்டியது. இந்த யோசனையை இன்னமும் நல்லெண்ணத்தோடு சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் திருடனின் கடனை ஏற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடில்லை.

கட்டாமல், விண்ணப்பத்தின் நகலையும், அதனுடன் இணைக்கப்பட்ட அடையாள ஆவணங்களையும், பணம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் விவரத்தையும் கேட்டுக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதே உங்கள் வலுவான வாதம். 1930 என்ற தொலைபேசி உதவி எண்ணிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் பதியுங்கள். பிறருடைய அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் பெறக்கூடிய குற்றம். கடன் தகவல் நிறுவனத்திடம் கட்டணமின்றி ஆட்சேபம் பதிந்தால் 30 நாட்களுக்குள் தீர்வு வர வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

சிபிலை மட்டும் பார்ப்பது

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்களும் உள்ளன. நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

நோக்கம் எழுதாத நகல்

ஆதார், பான் நகலின் ஓரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுத் தராமல், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை அச்சின் குறுக்கே எழுதுங்கள். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் பல இடங்களில் போதுமானது.

கைவிட்ட கைபேசி எண்

வங்கிக் கணக்கில் எண்ணை மாற்றிய பிறகே பழைய சிம்மை விடுங்கள். அது வேறொருவருக்கு வழங்கப்படும்.