பழைய வீட்டில் வேப்பர் ஸ்டீம் ஹீட்டிங்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

அமெரிக்காவின் வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும் 1900-க்கும் 1930-க்கும் இடையில் கட்டிய பல வீடுகளை இன்றும் நீராவிதான் சூடாக வைத்திருக்கிறது. அதில் ஒரு வகைதான் வேப்பர் ஸ்டீம். இதற்கு அழுத்தம் அவுன்ஸ் கணக்கில் போதும் (16 அவுன்ஸ் ஒரு பவுண்டு; இங்கே எல்லாமே ஒரு சதுர அங்குலத்தின் மேல் உள்ள அழுத்தம்). நம் வீட்டுக் குக்கரின் வெயிட் சுமார் 15 பவுண்டு அழுத்தத்தில் எழும்பும். இங்கே வீடு முழுக்கச் சூடேற அரைப் பவுண்டு, அதாவது 8 அவுன்ஸ் தாராளம். குக்கரில் முப்பதில் ஒரு பங்கு! "சிஸ்டமே போச்சு, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பல வீடுகளில், பின்னால் வந்தவர்கள் ஏற்றிவைத்த அழுத்தம்தான் கோளாறு.

படி 1: இது வேப்பர்தானா?

முதலில் பாய்லர். பக்கவாட்டில் நிற்கும் கண்ணாடிக் குழாயில் பாதி அளவு தண்ணீர் தெரிந்தால் அது நீராவி பாய்லர். கண்ணாடி இல்லாமல், எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் தொட்டி) இருந்து, அழுத்தம் காட்டும் கேஜ் 12 பவுண்டு போலக் காட்டினால் அது வெந்நீர் அமைப்பு. இந்தக் குறிப்பு அதற்கு உதவாது.

அடுத்து ரேடியேட்டர், அதாவது நீராவி நிரம்பி அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனம். பெரும்பாலும் ஒரு முனையில் மேலே நீராவி நுழையும் வால்வு, மறு முனையில் கீழே வெளியேறும் குழாய் என்று இரண்டு இணைப்பு இருக்கும். ஏர் வென்ட் (காற்றை வெளியேற்றும் சிறு வால்வு) இருக்காது. வால்வில் கொஞ்சம், பாதி, முழுதும் என்று திறக்க அளவுக்கோடு போட்ட கைப்பிடி இருக்கலாம். வால்விலோ, வெளியேறும் முனையில் நீராவியைத் தடுத்துத் தண்ணீரையும் காற்றையும் மட்டும் விடும் ட்ராப்பிலோ ஹாஃப்மன், டன்ஹாம், வெப்ஸ்டர், ட்ரேன், ப்ரூமெல் போன்ற தயாரிப்பாளர் பெயர் வார்க்கப்பட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் அமைப்பும் கொஞ்சம் வேறு மாதிரி.

கடைசியாக பேஸ்மென்ட். நீராவி ஆறிய தண்ணீரையும் காற்றையும் ரேடியேட்டர்களிலிருந்து இறக்கும் ரிட்டர்ன் குழாய்கள் கூரையோரமாக வந்து பாய்லர் அருகே கூடும். குழாய்களிலும் ரேடியேட்டர்களிலும் உள்ள காற்றெல்லாம் வெளியேறும் வென்ட் அங்கேதான். பக்கத்தில் பானை போன்ற வார்ப்பிரும்புப் பெட்டி இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். அழுத்தம் ஏறும்போது தண்ணீரை பாய்லருக்குள் திருப்பி அனுப்ப வைத்த கருவியாக அது இருக்கலாம்.

குழாய்மேல் வெள்ளையாக, அட்டைபோல் வரிவரியான உறை இருந்தால் தொடவோ கிழிக்கவோ கூடாது. அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணி, ஆய்வகத்தில் சோதித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

படி 2: அழுத்தத்தை இறக்குங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஒரு பவுண்டு அழுத்தம் தண்ணீரை சுமார் 28 அங்குலம் மேலே தள்ளும். 8 அவுன்ஸில் 14 அங்குலம். 2 பவுண்டில் 56 அங்குலம். அதாவது பாய்லரின் நீர்மட்டத்துக்கு மேல் நாலரை அடிக்கும் கூடுதலாக ரிட்டர்ன் குழாயில் தண்ணீர் ஏறி நிற்கும். பேஸ்மென்ட் கூரையின் உயரம் எவ்வளவு என்று பாருங்கள்! காலியாக இருக்க வேண்டிய குழாய் நிரம்பிவிடும், வென்ட்டுக்குள் தண்ணீர் போகும், காற்று வெளியேற வழி இருக்காது. மாடி ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கும், குழாய் டங் டங்கென்று அடிக்கும்.

பாய்லரில் வரும் சாதாரண பிரஷர் கன்ட்ரோல் (அழுத்தம் ஏறினால் பாய்லரை நிறுத்தும் ஸ்விட்ச்) அரைப் பவுண்டுக்குக் கீழே வேலை செய்யாது. அதற்குப் பதிலாக அவுன்ஸ் அளவில் இயங்கும் வேப்பர்ஸ்டாட் என்ற ஸ்விட்ச்சைப் பொருத்துங்கள். 8 அவுன்ஸில் பாய்லர் நிற்கும்படி தொடங்கி, 12-ஐத் தாண்டாதீர்கள். 30 பவுண்டு கேஜில் இந்த அளவெல்லாம் தெரியவே தெரியாது. விதிப்படி அது இருக்கட்டும். கூடவே 0–3 பவுண்டு கேஜ் ஒன்றைச் சேருங்கள். இவற்றுக்குக் கீழுள்ள சுருள் குழாய் துருவால் அடைத்திருந்தால் எந்த அளவும் பொய்தான். பாய்லரை அணைத்து, ஆறிய பிறகு கழற்றிச் சுத்தம் செய்து, தண்ணீர் ஊற்றி மாட்டுங்கள்.

படி 3: வென்ட்

பாய்லர் அருகே உள்ள வென்ட் அடைத்திருந்தால் வீடு சூடேற நெடுநேரம் ஆகும். குளிர்ந்த நிலையில் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் புதிதாக மாற்றுங்கள். ரேடியேட்டர்களில் துளைபோட்டு ஏர் வென்ட் மாட்டியிருந்தால், ட்ராப் கெட்டதை மறைக்கச் செய்த வேலை என்று சந்தேகப்படுங்கள்.

படி 4: ட்ராப்

ரேடியேட்டரின் வெளியேறும் முனையில் உள்ள ட்ராப்பின் மூடிக்குள் மெல்லிய உலோகத் துருத்தி ஒன்று இருக்கும். நீராவி பட்டதும் அது நீண்டு, அடியிலுள்ள துளையை அடைத்துவிடும். குளிர்ந்ததும் சுருங்கித் திறக்கும். துருத்தி கிழிந்தால் பெரும்பாலும் திறந்தே கிடக்கும், ரிட்டர்னுக்குள் நீராவி பாயும். ஒரு ட்ராப் இப்படிக் கெட்டாலும் மற்ற அறை ரேடியேட்டர்களின் காற்று வெளியேறாமல் முட்டி நிற்கும். குளிர்கிற அறையை விட்டுவிட்டு, கொதிக்கிற ரிட்டர்னைத் தேடுவது இதனால்தான்.

ரேடியேட்டர் முழுதும் சூடான பிறகு ட்ராப்புக்கு முன்னும், ரிட்டர்னில் இரண்டடி தள்ளியும் வெப்பம் அளக்கவும். முன்னால் 212 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, பின்னால் 180-க்குக் கீழே இருந்தால் நலம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ட்ராப் போய்விட்டது. பளபளக்கும் உலோகத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் தவறாகக் காட்டும். சிறு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்கவும்.

உள்பாகம் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஆறியபின், ஒரு ஸ்பானரால் ட்ராப்பின் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் மூடியைத் திருப்புங்கள். இல்லையேல் நூறு வருடக் குழாய் முறுகி உடையும். பேஸ்மென்ட்டில் நீராவிக் குழாய் முடியும் இடத்து ட்ராப்பையும் மறக்காதீர்கள்.

சில அமைப்புகளில் ட்ராப்பே இருக்காது. வால்வில் சிறு துளை வைத்து நீராவியை அளந்து விடுவார்கள். அங்கே ரேடியேட்டரின் கடைசிப் பகுதி முழுதாகச் சூடேறாதது கோளாறு இல்லை.

படி 5: பாய்லரை மாற்றுவதாக இருந்தால்

பழைய பாய்லரின் நீர்மட்டத்தைச் சுவரில் கோடுபோட்டுக் குறித்த பிறகே அதை அகற்ற விடுங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருந்து நீராவியைத் தடுத்த குழாய் இணைப்புகள், புதிய பாய்லரின் நீர்மட்டம் தாழ்ந்தால் வெளியே வந்துவிடும். ட்ராப் எல்லாம் நன்றாக இருந்தும் ரிட்டர்னில் நீராவி புகும். அடியில் கான்கிரீட் பிளாக் வைத்துப் பாய்லரை அந்தக் கோட்டுக்கு உயர்த்தினால் இது வராது.