புதைந்த சுண்ணாம்புப் பாறையில் குகையைக் கண்டறிவது

எண்ணெய் தங்கியிருக்கக்கூடிய குகையைத் தேடும்போது முதலில் பார்ப்பது நில அதிர்வுப் படம்; நிலத்துக்குள் அனுப்பிய அதிர்வலைகளின் எதிரொலியைக் கொண்டு வரைவது. சீனாவின் தாரிம் படுகையில் 5,000 மீட்டருக்குக் கீழுள்ள ஆர்டோவிசியன் காலப் பாறையின் (சுமார் 45 கோடி ஆண்டு பழையது) குகைகள், மணி கோத்ததுபோல் செங்குத்தாக அடுக்கிய பளிச்சென்ற எதிரொலிப்புகளாகத் தெரியும். அந்தக் கோவையின் உயரத்தைக் குகையின் உயரமாக எடுக்காதீர்கள். அலைநீளம் அதை நீட்டிக் காட்டும்.

துளையிடும்போது துளைமுனை திடீரென இறங்கி, துளைக்குள் செலுத்தும் சேறும் திரும்பி வராவிட்டால் வெற்றிடம்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். துளை விட்டம் அகன்று, அடர்த்தி சரிந்து, காமா அளவு (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு) ஏறினால் களிமண் அடைத்த குகையாக இருக்கும். அதில் எண்ணெய்க்கு அதிக இடமில்லை.

அடுத்து, அது உருவான விதம். மழைநீர் கரைத்த குகைகள் பழைய அரிப்புப் பரப்பை, அதாவது ஒருகாலத்தில் வெளியே தெரிந்து அரிக்கப்பட்டுப் பின்னர் புதைந்த தரையை, ஒட்டியே பெரும்பாலும் இருக்கும். ஆழத்தை அங்கிருந்து அளக்கவும். கீழிருந்து ஏறிய வெந்நீர் கரைத்திருந்தால் பிளவுகளையொட்டிச் சேணவடிவ டோலமைட், ஃபுளோரைட் ஆகிய கனிமங்கள் கிடைக்கலாம்.

கூரை இடிந்த குகையை ஒதுக்காதீர்கள். உடைகற்களின் இடைவெளியிலும் மேலுள்ள விரிசல்களிலும் எண்ணெய் தங்கும்.