அப்பத்தாவின் தாலாட்டைக் கணினியில் ஏற்றிய கதை (ரீப்பர், படிப்படியாக)

ரீப்பர் என்ற பாட்டுப் பதிவு மென்பொருளை இறக்கி நிறுவுவது எப்படி என்று சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். அப்பத்தா பாடும் தாலாட்டுக்குப் பின்னால் ஒரு குழலும் சுருதியும் சேர்க்க ஆசைப்பட்டு, நான்கு வாரம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். அந்த இடத்துக்காகத்தான் இந்தப் பதிவு.

ஏன் ரீப்பர்? எல்எம்எம்எஸ் இலவசம், தாளக்கட்டு அடுக்கி விளையாட அருமை. ஆனால் எனக்குக் குரலும் வேண்டும், அதற்கு அது சரிப்படவில்லை. மியூஸ்ஸ்கோர் மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு. கராஜ்பேண்டுக்கு ஆப்பிள் கணினி வேண்டும். ரீப்பரை 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பாட்டு ஓட்டிய வின்ஆம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் கைவேலைதான் இதுவும். என் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது.

முதலில் குரல். காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் உட்கார வைத்து ஃபோனில் பதிந்தேன். உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் தரை. நேரில் கேட்க சொகம், பதிவிலோ ஒரே எதிரொலி. நடுவே குருவிச் சத்தம் வேறு. அப்புறம் உள்ளறையில் மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி, ஜமுக்காளம் விரித்துப் பதிந்தேன். “பாட்டுப் பாடச் சொல்லிட்டு அடைச்சு வைக்கிறியேடா” என்றார் அப்பத்தா. பதிவு சுத்தமாக வந்தது. அந்தக் கோப்பை ரீப்பருக்குள் இழுத்துப் போடுங்கள்.

அடுத்தது தாளம். ரீப்பர் திறக்கும்போது வேகம் 120, தாளம் 4/4 என்று இருக்கும். தாலாட்டு ஊஞ்சல் போல மூன்று மூன்றாக ஆடுகிறது, அதாவது திஸ்ர நடை. ஆல்ட்டும் என்டரும் அழுத்தி வரும் அமைப்பில் 6/8 ஆக்குங்கள். வேகம் தெரியாவிட்டால், பாட்டை ஓடவிட்டு பிபிஎம் என்ற எழுத்தின்மேல் தாளத்துக்கேற்பத் தட்டுங்கள், அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

வாத்தியத்துக்கு ஸ்ஃபோர்ட்சாண்டோ என்ற இலவசச் செருகி (ரீப்பருக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) போதும். ஜெனரல்யூசர் ஜிஎஸ் என்ற சவுண்ட்ஃபான்ட் கோப்பை, அதாவது வாத்திய ஒலிகளின் தொகுப்பை, அதன்மேல் இழுத்துப் போட்டால் புல்லாங்குழல் உட்பட எல்லாம் வந்துவிடும். எல்லாமா? ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலின் 128 வாத்தியங்களில் சிதார் 105, ஷெனாய் 112. வீணையும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. வீணைக்குப் பேர்போன காரைக்குடி சகோதரர்களின் ஊரில் உட்கார்ந்து இதைப் பார்க்க வயிறு எரிந்தது. சரி, குழலை வைத்துக்கொள்வோம்.

இரண்டு டிராக் வேண்டும், ஒன்று குழலுக்கு, ஒன்று சுருதிக்கு. அப்பத்தாவுக்கு ஐந்தரைக் கட்டை, அதாவது ஜி ஷார்ப். அதனால் சுருதி டிராக்கில் சட்ஜத்துக்கு ஜி ஷார்ப், பஞ்சமத்துக்கு டி ஷார்ப் இரண்டையும் நீளமாகப் போட்டேன். குழல் டிராக்கில் ஒரு மிடி ஐட்டம் (ஸ்வரங்களை எழுதும் கட்டம்) சேர்த்து, இருமுறை சொடுக்கி, பியானோ ரோலில் ஸ்வரங்களை வரையுங்கள்.

இனிமேல்தான் வம்பு. ஆராரோவின் கடைசி “ரோ”வில் அப்பத்தாவின் குரல் காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு வழுக்கி இறங்கும். நான் இரண்டு ஸ்வரம் தனித்தனியாகப் போட்டேன். கோயில் மணி போல டிங், டிங் என்று கேட்டது. வழுக்கலுக்கு பிட்ச் பெண்ட், அதாவது ஒலிக்கும் ஸ்வரத்தை மேலோ கீழோ வளைக்கும் கட்டளை வேண்டும். மிடி எடிட்டரின் அடியில் உள்ள பட்டையில் “பிட்ச்” தேர்ந்து கோடு வரையலாம். நடு 0, கீழ்க்கடைசி −8192. கடைசிவரை இழுத்தும் குழல் ரிஷபத்திலேயே நின்றுவிட்டது. எத்தனையோ முறை அழித்து வரைந்தேன். கோட்டில் குறையே இல்லை. பெண்ட் எல்லை வழக்கமாக இரண்டு அரைச்சுரம்தான் (பியானோவில் அடுத்தடுத்த விசைகளின் இடைவெளி ஓர் அரைச்சுரம்). காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கோ நான்கு. வாத்தியத்தின் அமைப்பில் எல்லையை 12 அரைச்சுரம் ஆக்குங்கள். அப்போது ஓர் அரைச்சுரத்துக்குச் சுமார் 683, நான்குக்கு −2731.

அதோடு முடியவில்லை. வழுக்கல் அழகாக வந்தது, அதற்குப் பின் வந்த பாட்டு முழுக்க அபஸ்வரம். சவுண்ட்ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்கினேன். உண்மையில் பெண்ட் போட்ட இடத்திலேயே நிற்கும். அடுத்த ஸ்வரம் தொடங்குமுன் அதை நீங்களே 0-க்குக் கொண்டுவர வேண்டும். முந்தைய ஸ்வரம் அடங்கியபின் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் வால் மேலே துள்ளும். இன்னொன்று, பெண்ட் ஒரு சானல் (மிடி ஸ்வரங்கள் போகும் வழி) முழுவதையும் வளைக்கும். முதலில் சுருதியையும் குழல் டிராக்கிலேயே வைத்திருந்தேன், குழல் வழுக்கும்போது சுருதியும் சேர்ந்து சரிந்தது. இரண்டு டிராக் என்று சொன்னது அதனால்தான்.

கோடு படிக்கட்டு போல இருந்தால் புள்ளியில் வலச்சொடுக்கி வளைவின் வடிவத்தை மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: தேவகோட்டை வாசகர் ஒருவர், இசைக் கீபோர்டில் விசை அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது என்று எழுதியிருந்தார். விண்டோஸ் என்றால் ஏசியோ4ஆல் என்ற ஒலி இயக்கியை நிறுவி, ரீப்பரின் ஆடியோ அமைப்பில் ஏசியோவைத் தேர்ந்து, பஃபரை (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 256 ஆக்குங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 2048 பஃபர் என்றால் 46 மில்லி விநாடி, 256 என்றால் 6-க்கும் குறைவு. சத்தம் பொரிந்தால் 512-க்கு ஏற்றுங்கள். புளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒயர் ஹெட்ஃபோன் போடுங்கள். அவருக்குப் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.