குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சி: அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தேடும் முறை

வலது அடிவயிற்று வலியோடு ஒருவர் வந்து படுத்ததும், ஜெல் தடவும் முன் நான் சொல்வது இதுதான்: "ரொம்ப வலிக்கிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்க." குடல்வால் இருக்கும் இடத்தைப் பல நேரம் அந்த விரலே சொல்லிவிடும். இரவுப் பணியில் தனியாக ஸ்கேன் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்கள் இதை விடவே கூடாது.

லீனியர் புரோபை (வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் தட்டை முனைக் கருவியை) எடுங்கள். வலப்பக்கப் பெருங்குடலை மேலிருந்து தொடர்ந்து இறங்கி, குடல்வால் கிளம்பும் இடமான சீக்கத்துக்கு (பெருங்குடலின் தொடக்கப் பகுதிக்கு) வாருங்கள். நோயாளி மூச்சை வெளிவிடும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த பாய்லார்ட் 1986இல் விவரித்த முறை இது. வாயு நிறைந்த குடல் மெல்ல விலகிக்கொள்ளும். குடலுக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் சோவாஸ் தசையும் இலியாக் ரத்தக்குழாயும் தெரியவில்லையா? அழுத்தம் போதவில்லை. கையை எடுக்கும்போதும் நிதானம் வேண்டும், சட்டென்று விட்டால் வலியில் துடித்துப்போவார்கள்.

ஒரு முனை மூடிய குழாய், அசைவில்லை, அழுத்தினால் நசுங்கவில்லை, வெளிவிட்டம் 6 மி.மீ.க்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அளவை மட்டும் நம்பாதீர்கள். 7 மி.மீ. இருந்தும் மெத்தென்று நசுங்கி, சுற்றியுள்ள கொழுப்பும் இயல்பாக இருந்தால் நான் அழற்சி என்று எழுத மாட்டேன். கொழுப்பு வெளுத்துத் தடித்திருந்தால் கதையே வேறு. நுனிவரை பாருங்கள், சிலருக்கு நுனியில் மட்டுமே அழற்சி இருக்கும்.

கிடைக்கவில்லையென்றால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தேடுங்கள், சீக்கத்துக்குப் பின்னால் இருக்கலாம். பெண்களுக்குச் சினைப்பையையும் பார்த்துவிடுங்கள். முறுக்கிக்கொண்ட சினைப்பையும் கருக்குழாய்க் கர்ப்பமும் இதே இடத்தில் வலிக்கும். அப்போதும் அகப்படாவிட்டால், "குடல்வால் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். தயவுசெய்து "நார்மல்" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பி நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படலாம். சந்தேகம் தீராத பெரியவர்களுக்கு சி.டி., கர்ப்பிணிகளுக்குக் கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ. குழந்தைகளுக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடி அல்ட்ராசவுண்ட் பார்ப்பதே பல நேரம் போதும்.

குடல்வாலுக்குள் மலக்கல் (கல்லாக இறுகிய மலத் துணுக்கு) இருக்கிறதா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அறுவைசிகிச்சையா, ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா என்ற முடிவு அதைப் பொறுத்து மாறும். அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளிவந்த, ஆன்டிபயாடிக்கையும் அறுவைசிகிச்சையையும் ஒப்பிட்ட கோடா (CODA) ஆய்வில், ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் சுமார் 29% பேருக்கு 90 நாட்களுக்குள் அறுவைசிகிச்சை செய்யப்பட்டது; மலக்கல் இருந்தவர்களில் அது 41%. சீழ்க்கட்டி இருந்தால் அதன் அளவையும், ஊசி வழியாக வடிக்க வழி இருக்கிறதா என்பதையும் குறிப்பிடுங்கள். குடல்வால் வெடித்த அடையாளம் தெரிந்தால், அறிக்கை டைப் ஆகும்வரை காத்திருக்காமல் ஸ்கேன் அறையிலிருந்தே சர்ஜனுக்கு போன் போடுங்கள்.