வேலூர் டீசல் வண்டிய பனிக்கு எடுத்துட்டு போறீங்களா

நம்ம வேலூர் வெயில்லயே ஓடுன எஸ்யூவிய டிசம்பர்ல மணாலி பக்கம் கொண்டு போறீங்கன்னா மொதல்ல ரேடியேட்டர தொறந்து பாருங்க, என் வண்டில ஒரு மெக்கானிக் வெறும் பச்சத்தண்ணிய ஊத்தி வச்சிருந்தாரு, அது அங்க உறைஞ்சா இன்ஜின் பிளாக்கே வெடிச்சிரும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க.

பெரிய தலவலி டீசல்தான். குளிர்ல அதுல இருக்குற மெழுகு, பிரிட்ஜ்ல வச்ச தேங்காண்ண மாதிரி கட்டிதட்டி பில்டர அடச்சிக்கும். அதனால சமவெளில போட்ட டீசல டேங்க் நெறைய வச்சிகிட்டு மேல ஏறாதீங்க, அங்க உள்ள பங்க்ல ரொப்பிக்கோங்க, லடாக்ல 2019லேர்ந்து மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத டீசலே வந்துருச்சு.

காலைல சாவி போட்டதும் சுருள் மாதிரி ஒரு லைட்டு எரியும், அது அணையற வரைக்கும் செல்ப் அடிக்காதீங்க. நைட்டு ஹேண்ட்பிரேக் போட்டா உறைஞ்சி ஒட்டிக்கும், கியர்ல நிறுத்தி டயருக்கு கல்லு வைங்க.

ஃபோர் வீல் டிரைவ் இருக்குன்னு தெனாவெட்டு வேணாம், அது கெளம்பத்தான் உதவும், நிக்கறதுக்கு இல்ல. ஏலகிரி கொண்டை ஊசில எறங்குறாப்ல சின்ன கியர்லயே எறக்குங்க, பிரேக்க மட்டும் சடார்னு மிதிச்சிராதீங்க.