பக்டீரியா என்சைம் எந்த மருந்த வெட்டும், எத வெட்டாது? போன்லயே பாக்கலாம் வாங்க

ஏ எல் பயோ படிக்கிற தங்கச்சி ஒருத்தி கேட்டா, "அண்ணே, நொதியத்துக்கு (அதான் என்சைம்) தன்னோட கீழ்ப்படை, அதாவது அது வேல செய்யிற பொருள், இதுதான்னு எப்பிடி தெரியுது, அதுக்கென்ன கண்ணா இருக்கு?"ன்னு. 1894ல எமில் பிஷர் சொன்ன பூட்டு சாவி கதையையே நானும் சொன்னேன், அவ மொகத்துல தெளிவே வரல. சரி, நேரா காட்டிருவோம்னு போன எடுத்தேன்.

படி 1: சிக்னல் கெடைக்கிற எடத்துக்கு போங்க (எங்க தோட்டத்துல கொழுந்து மடுவத்துக்கிட்ட மட்டுந்தான்). ஆர்சிஎஸ்பி பிடிபின்னு (RCSB PDB, புரதங்களோட உருவம் சேத்து வச்சுருக்கிற வெப்சைட்) தேடி தொறங்க, காசு இல்ல, லொகினும் வேணாம். தேடுற பெட்டியில நம்பர் 1, அப்புறம் இங்கிலீஷ்ல பி, டீ, எல் அடிங்க (1BTL). டீன்னா டிக்கெட்டுக்கு வர்ற மொத எழுத்து, நம்ம குடிக்கிறத முழுசா அடிச்சு வச்சுட்டு ஒன்னும் வரலேன்னு சொல்லாதீங்க. வர்றது டெம்-1, ஈ கோலை பக்டீரியாவோட பீட்டா லாக்டமேஸ், பக்டீரியாவ கொல்ற பென்சிலின் வகை மருந்து அமொக்சிசிலின வெட்டுற அதே என்சைம். ஸ்ட்ரக்சர்னு இருக்கிற டேப்ப தட்டினா ரிப்பன் மாதிரி சுருண்டு சுருண்டு ஒரு உருவம் வரும், வெரலால சுத்தலாம்.

படி 2: மேல எழுத்து எழுத்தா ஓடுற வரிசையில செரின் 70 தேடுங்க, அதாவது 70ன்னு நம்பர் போட்ட செரின்ங்கிற அமினோ அமிலம். இங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க, ஏன்னா ரெண்டு நம்பர் காட்டும், ஆத்னு (auth) போட்டிருக்கிறது 70ஆ வரணும், அடுத்த நம்பர் 45னு இருந்தா அத விட்டுருங்க. இதான் கத்தி. இதோட ஒட்சிசன் மருந்துல இருக்கிற நாலு மூலை வளையத்த போய் தாக்கும், வளையம் ஒடையும், மருந்து செரின்லயே ஒட்டிக்கும். அப்புறம் 166ல இருக்கிற இன்னொரு அமினோ அமிலம், குளுட்டமேட், ஒரு தண்ணி மூலக்கூற ஏவி விட்டு ஒட்டினத கழட்டிரும். என்சைம் அடுத்த மருந்துக்கு ரெடி.

படி 3: இப்ப அதே பெட்டியில 1, எஃப், கியூ, ஜி (1FQG) தேடுங்க. அதே என்சைம்தான், ஆனா 166ஐ வேணும்னே மாத்தி வச்சுருக்காங்க, அதனால பென்சிலின் கழரவே முடியாம அப்பிடியே மாட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு ரொம்ப புடிச்ச படம் இது, குத்தத்த கையும் களவுமா புடிச்ச மாதிரி.

படி 4: இதான் முக்கியம், மெதுவா பாருங்க. லயத்து கதவு சின்னது. ஆளு நுழையலாம், முதுகுல கூடையோட வந்தா நிலையில இடிக்கும் (இப்ப கூடை எங்க, எல்லாம் சாக்குதான், கதைக்கு கூடைன்னே வச்சுக்குவோம்). நாலு மூலை வளையந்தான் ஆளு, அதுல தொங்குற பக்கச்சங்கிலி கூடை. பென்சிலினுக்கு சின்ன கூடை, உள்ள போய் செரின்கிட்ட நிக்கும். செஃபோடாக்சிம்னு இதே மாதிரி வளையம் உள்ள இன்னொரு மருந்துக்கு கூடை பெருசு, டெம்-1ல அது சரியா உக்காராது, அதனால வெட்டு ரொம்ப மந்தம். வெட்டுறதுக்கு வளையம் ரெண்டுலயும் இருக்கு, கத்தியும் அதேதான், எடந்தான் பத்தல.

படி 5: இப்ப 238ஐ தட்டுங்க, கதவு நிலையில இருக்கிற கல்லு அது. கிளைசின்ங்கிற அமினோ அமிலம், அதோட பக்கச்சங்கிலின்னு பேருக்கு ஒரே ஒரு ஐதரசன். அதே எடத்துல செரின் வந்தா அந்த ஓரத்து இழை கொஞ்சம் வெளிய நகரும், வாசல் அகலும், செஃபோடாக்சிமும் உள்ள வந்துரும். இருநூத்தி சொச்சம் அமினோ அமிலத்துல மாறினது ஒன்னே ஒன்னு! நாங்க அத பாத்துக்கிட்டு இருக்கும்போதே தங்கச்சி, "அப்ப எல்லா பக்டீரியாவும் கதவ அகலமாவே வச்சுக்கலாமே"ன்னா. அகலமாக்கினா சொவரு ஆடுதும்மா, அந்த மாத்தம் வந்த என்சைம் உறுதி கொறைஞ்சுருது, பழைய பென்சிலின வெட்டுற வேகமும் எறங்கிருது. 182ல இருக்கிற மெதியோனின் திரியோனினா மாறினா திரும்ப கெட்டியாகும், அது கதவுல இருந்து ரொம்ப தள்ளி இருக்கு. எங்க இருக்குன்னு நீங்களே சுத்தி தேடுங்க, என்னோட டேட்டா அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.