மெத்தியோனினில் சறுக்கும் இடங்கள்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணு வரிசையைக் கணினியில் போட்டால் புரதத்தின் எடை வந்துவிடும். அந்த எண்ணை அப்படியே நம்புவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. என்னிடம் ப்ராஜெக்ட் செய்ய வந்த மாணவிக்கு, மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் எடை 131 டால்டன் குறைவாக வந்தது. புரதம் எங்கோ அறுபடுகிறது என்று நினைத்து, இரண்டு வாரம், புரதத்தை வெட்டும் நொதிகளை அடக்கும் புரோட்டியேஸ் தடுப்பான்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். 131 என்பது புரதச் சங்கிலியில் கோத்த மெத்தியோனின் என்ற ஓர் அமினோ அமிலத்தின் எடை. போனது முதல் எழுத்து மட்டும்தான். எடுத்ததும் புரதத்தைத் தயாரித்த பாக்டீரியாவே.

செல்லில் புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் அதை மெத்தியோனினில்தான் தொடங்கும். பாக்டீரியாவில் அந்த மெத்தியோனினின் தலையில் ஃபார்மைல் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டியிருக்கும். டீஃபார்மைலேஸ் என்ற நொதி முதலில் அதை நீக்கும். அப்புறம்தான் மெத்தியோனின் அமினோபெப்டிடேஸ் வந்து மெத்தியோனினை நறுக்கும். எல்லாப் புரதத்திலும் நறுக்காது. அடுத்து நிற்பது கிளைசின், அலனின், செரின் போலச் சிறியதாக இருந்தால் மெத்தியோனின் போய்விடும். லைசின், ஆர்ஜினின், லியூசின், ஃபீனைல்அலனின் போலப் பெரியது நின்றால் நொதியின் பள்ளத்தில் இடம் போதாது, மெத்தியோனின் தங்கிவிடும். அந்த மாணவியின் புரதத்தில் இரண்டாவது இடத்தில் இருந்தது அலனின்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எப்படியும் போய்விடும் என்று விட்டுவிடுவது. மனித வளர்ச்சி ஹார்மோன் ஃபீனைல்அலனினில் தொடங்குகிறது. மொத்தம் 191 அமினோ அமிலங்கள். அதை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தபோது முன்னால் மெத்தியோனின் அப்படியே நின்றது, 192 ஆனது. 1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோமட்ரெம் இதுதான். பிறகு மெத்தியோனின் இல்லாத சோமட்ரோபின் அதன் இடத்தைப் பிடித்தது. இன்னொன்று, புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் நொதியால் ஈடுகொடுக்க முடியாமல், நறுக்கியதும் நறுக்காததும் கலந்தே கிடைக்கும். மாஸ் ஸ்பெக்கில் 131 இடைவெளியில் இரண்டு சிகரங்கள் தெரிந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

நொதிகளின் பெயர்களிலும் கவனம் வேண்டும். மெத்தியோனின் சிந்தேஸ் ஹோமோசிஸ்டீனிலிருந்து மெத்தியோனினை உருவாக்குகிறது. மனித உடலில் அதற்கு வைட்டமின் பி12 தேவை. மெத்தியோனைல் டிஆர்என்ஏ சிந்தடேஸ் மெத்தியோனினை, ரைபோசோமுக்கு அமினோ அமிலம் சுமக்கும் டிஆர்என்ஏவில் ஏற்றிவிடுகிறது. மெத்தியோனின் அடினோசைல்டிரான்ஸ்ஃபெரேஸ், மெத்தியோனினையும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியையும் சேர்த்து, மெத்தில் வழங்கும் சாம் என்ற மூலக்கூறை ஆக்குகிறது. மூன்றும் வேறு வேறு. பெயரை நம்பாமல், எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று பாருங்கள்.

கந்தகம் இருப்பதால் மெத்தியோனினும் சிஸ்டீனைப் போல டைசல்ஃபைடு பிணைப்பு போடும் என்று தேர்வில் எழுதுகிறார்கள். போடாது. அதன் கந்தகத்தின் வாய் மெத்தில் தொகுதியால் அடைபட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கந்தகம் ஆக்சிஜனை எளிதில் பிடித்துக்கொள்ளும். எடையில் 16 கூடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஆக்சிஜன் ஏறியதைக் கவனிக்காவிட்டால் சயனோஜன் புரோமைடும் காலை வாரிவிடும். இது நொதி இல்லை, கடும் நச்சு வேதிப்பொருள்; மெத்தியோனினுக்கு அடுத்த பிணைப்பை வெட்டும். 1978-இல் மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் பெரிய பாக்டீரியப் புரதத்தோடு இணைத்துத் தயாரித்து, இணைப்பில் ஒரு மெத்தியோனினை வைத்து இதைக் கொண்டே பிரித்தார்கள். இன்சுலினுக்குள் மெத்தியோனினே கிடையாது, அதனால் சங்கிலி சேதமாகவில்லை. உங்கள் புரதத்துக்குள் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டு இறங்குங்கள். ஆக்சிஜன் ஏறிய மெத்தியோனினில் வெட்டு விழாது.

ஏறிய ஆக்சிஜனை இறக்க, எலெக்ட்ரான் கொடுக்கும் வேதிப்பொருளான டிடிடி (டைதையோத்ரைட்டால்) மட்டும் போட்டுக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அது போதாது, மெத்தியோனின் சல்ஃபாக்சைடு ரிடக்டேஸ் வேண்டும். அதிலும் ஏ வகையை மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் நடக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடால் எஸ், ஆர் என்று இரண்டு வடிவங்கள் உருவாகின்றன; ஏ வகை எஸ் வடிவத்தையும், பி வகை ஆர் வடிவத்தையும்தான் தொடும். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். டிடிடி வேண்டியது இங்கேதான்: எலெக்ட்ரான் கொடுக்க அது இல்லாவிட்டால் இரண்டு நொதிகளும் சும்மா கிடக்கும்.